4,500 ரூபாப் பெட்டிக்கு 23,650 ரூபா போன கதை

கொழும்பில் அலுவலகங்கள் கொம்பியூட்டர்களை மாற்றும்போது, கழித்துவிடும் சாமான்களோடு சின்னக் கறுப்புப் பெட்டிகளும் வெளியே வரும். தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்த அளவு. ஃபான் கிடையாது, சத்தம் கிடையாது. தின் கிளையண்ட் என்பார்கள். எங்கோ ஒரு சேர்வரில் நடக்கிற வேலையைத் திரையில் காட்டுவதற்காகச் செய்த பெட்டி. ஆனாலும் பலவற்றில் உள்ளே இருப்பது முழுமையான ஒரு பிசிதான். 2000களின் முற்பாதியில் வந்த பெட்டி என்றால் விண்டோஸுக்கு முந்திய டொஸ் நேரடியாக ஏறும், விண்டோஸ் 98 ஏறும், 90களில் நாங்கள் விளையாடிய கேம்கள் ஓடும். இதை நம்பித்தான் பாவித்த பெட்டி ஒன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். வேலை முடிந்தபோது மொத்தச் செலவு 23,650. அதில் 11,300 சும்மா போன காசு. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் கொடுத்தது இந்தக் கணக்கில் இல்லை. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, பக்கத்தில் கேட்கவும் ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். விளையாடுவது மட்டும்தான் ஆசை என்றால் இதற்குள் இறங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் லப்டொப்பில் டொஸ் மெஷின் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற எமுலேட்டர் நிரலைப் போட்டால் போதும், சதம் செலவில்லை, பத்து நிமிஷ வேலை. உண்மையான இரும்பில், எமுலேட்டர் இல்லாமல், அந்தக் கறுப்புத் திரையில் சி டிரைவின் எழுத்து மினுங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற பைத்தியம் இருப்பவர்களுக்குத்தான் மிச்சக் கதை. எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. டியூஷன் காசில் மிச்சம் பிடித்து, பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் மணித்தியாலக் கணக்குக்கு டேஞ்சரஸ் டேவ் விளையாடிய வயதினருக்கு இது விளங்கும்.

பெட்டியை ஓன்லைன் விளம்பரம் ஒன்றில் பார்த்தேன். படம் இரண்டு, விபரம் ஒரு வரி. வட்ஸ்அப்பில் கதைத்தபோது விற்றவர், “ஓன் ஆகுது ப்ரோ, பயப்பட வேணாம்” என்று ஒரு சின்ன வீடியோவும் அனுப்பினார். திரையில் கம்பனிச் சின்னம் வந்தது, அதோடு வீடியோ முடிந்தது. பவர் அடப்டர் தனியாக 1,000 ரூபா என்றார், சரி என்றேன். வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து வயர்களைக் கொழுவி ஓன் செய்தால் அதே சின்னம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் திரை கறுக்கிறது, திரும்பவும் சின்னம். இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. சிலவேளை பயோஸுக்குள், அதாவது ஓன் ஆனதும் முதலில் ஓடுகிற உள் நிரலின் செட்டிங் திரைக்குள், போக விட்டது. அங்கே போனால் எவ்வளவு நேரம் என்றாலும் அசையாமல் நிற்கும். டொஸ் ஏற்றப் பார்த்தால் மட்டும் விழும்.

காலி வீதியில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். பார்ப்பதற்கு மட்டும் 1,500. மெமரிதான் போயிருக்கிறது என்று ஒரு கிகாபைட் டிடிஆர் ஒன்றை 1,800க்குப் போட்டுத் தந்தார்கள். கடையில் வைத்து ஓன் செய்தபோது எல்லாம் ஒழுங்கு. வீட்டுக்கு வந்தால் பழையபடி சுற்றுகிறது. திரும்பக் கொண்டுபோனதற்கு, போர்ட் செத்துவிட்டது, இனி இதில் காசு போட வேண்டாம் என்று கையை விரித்தார்கள். கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை என்றால் இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்குப் பெட்டியை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு 100 பஸ்ஸில் நின்றபடி வந்தபோது, அடுத்த ஹோல்டில் இறங்கி அதைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் மனைவி, “இந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் டயர் மாத்தியிருக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னா. ஒரு தடவை போதுமாக இருந்தது.

வித்தியாசம் என்னவென்று காட்டியவர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அடப்டர்களும் வயர்களும் விற்கிற ஒரு நானா. கடை என்றால் ஒரு ஆள் நிற்கிற அகலம், மேலே கூரை வரைக்கும் வயர்க் கட்டுகள் தொங்கும். வேறு அடப்டர் இருக்கிறதா என்று கேட்டுத்தான் போனேன். அவர் என் கையில் இருந்ததை வாங்கி, எழுத்தை வாசித்து, “இது கெமராக்குக் குடுக்கிறது தம்பி” என்றார். பிறகு மேசைக்கடியில் இருந்து மல்டிமீட்டரை எடுத்து, அடப்டரைத் தனியே குத்திப் பார்த்தார். 12.1 வோல்ட். “இப்ப பாருங்க” என்று சொல்லி, காரின் பழைய லைட் பல்ப் ஒன்றை அதில் கொழுவிவிட்டுத் திரும்பவும் முனைகளை வைத்தார். பல்ப் மங்கலாக எரிந்தது, மீட்டரில் எண் இறங்கி 9.6இல் நின்றது. பெட்டி சும்மா நிற்கும்போது கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும், டொஸ் ஏறத் தொடங்கும்போது கூட இழுக்கும், அந்த நேரம் வோல்ட் விழுந்து பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். திருத்தும் கடையில் அவர்கள் தங்களுடைய அடப்டரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஓடியிருக்கிறது. மெமரியும் போர்டும் ஆரம்பத்தில் இருந்தே நல்லாகத்தான் இருந்தன.

ஆகவே முதல் விஷயம் பவர். இந்தப் பெட்டிகள் வீட்டுக் கரண்டை நேரடியாக எடுப்பதில்லை, வெளி அடப்டரில்தான் ஓடும். எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். 12 வோல்ட் பெட்டிகளும் உண்டு, லப்டொப் போல 19 வோல்ட் பெட்டிகளும் உண்டு. வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் கூட இருந்தால் பிரச்சினை இல்லை, குறைந்தால்தான் பிரச்சினை. 2 அம்பியர் என்று எழுதியிருக்கும் மலிவு அடப்டர் உண்மையில் ஒன்றுகூடத் தராமல் விடலாம். நானாவிடம் 12 வோல்ட், 5 அம்பியர் அடப்டர் ஒன்றை 2,800க்கு எடுத்தேன், பல்பைப் போட்டுப் பார்த்தே தந்தார். அதோடு அந்த வட்ட பிளக்கும் கவனம். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும், உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு உண்டு. பெட்டியின் ஊசி மெல்லிசு, பிளக்கின் துளை பெரிசு என்றால் உள்ளே போகும், ஆனால் லூசாக நிற்கும். மேசையைத் தட்டினால் பெட்டி நின்றுவிடும். நடு ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற சின்னப் படமும் லேபிளில் இருக்கும், அது அடப்டரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, 2022 மின்வெட்டு நேரம் எல்லாரும் ரவுட்டருக்கு வாங்கிய சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் இப்போது பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதிலே இதைக் கொழுவிப் பார்க்க ஆசை வரும். ரவுட்டர் இழுக்கிற அளவுக்குச் செய்தது அது, இதற்குப் பத்தாது.

பவர் சரி வந்ததும் பயோஸ் செட்டிங்கை மாற்றப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. அலுவலகங்களில் இருந்து வருகிற பெட்டிகளில் இது சகஜம். வைஸ் கம்பனிப் பெட்டிகளுக்குத் தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்ட் ஃபயர்போர்ட் (Fireport) என்பது, முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அதை மாற்றாமலே விட்ட அலுவலகங்கள் நிறைய. வேறு பெட்டி என்றால் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பட்டரியைக் கழற்றி, பவரையும் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டுப் பார்க்கலாம். என்னுடையதில் அப்படித்தான் போனது. சில பெட்டிகளில் பாஸ்வேர்டைத் தனிச் சில்லில் (சிப்) எழுதி வைத்திருப்பார்கள், அது பட்டரியைக் கழற்றினாலும் போகாது. வாங்கும்போதே பயோஸுக்குள் போய்க் காட்டச் சொல்லுங்கள், கம்பனிச் சின்னம் வருவதைக் காட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பட்டரியை எப்படியும் மாற்றுங்கள். சிஆர் 2032 என்று மணிக்கூட்டுக் கடையில் கேட்டேன், 150 ரூபாவுக்குத் தந்தார்கள். பழையது செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் பயோஸ் செட்டிங் எல்லாம் அழிந்துபோகும், யூஎஸ்பி கீபோர்டை டொஸ்ஸில் வேலை செய்ய வைக்கும் செட்டிங்கும் அதோடு போகும்.

அடுத்தது டிஸ்க். தின் கிளையண்ட் உள்ளே ஹாட் டிஸ்க் இருக்காது. டிஸ்க்கைக் கொழுவும் பழைய முறையான ஐடிஈயின் 44 ஊசிச் சொக்கெட்டில் விரல் அளவு ஃபிளாஷ் துண்டு ஒன்று செருகியிருக்கும், கொள்ளளவு கொஞ்சம்தான். அதை எடுத்துவிட்டு, பழைய கெமராக்களில் பாவித்த கொம்பெக்ட் ஃபிளாஷ் கார்டை ஒரு சின்ன அடப்டர் வழியாகப் போடுவதுதான் வழக்கம். கொம்பெக்ட் ஃபிளாஷ் அடிப்படையிலேயே ஐடிஈ பேசுகிற கார்ட், அதனால் அடப்டர் என்பது வெறும் ஊசி மாற்றம்தான், நடுவில் சில் எதுவும் கிடையாது. வெளிநாட்டில் இருந்து 900 ரூபாவுக்கு ஒன்றை எடுப்பித்தேன். தபாலில் வந்து சேரக் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம். பிரித்துப் பார்த்தால் அடப்டரிலும் ஊசி, போர்டிலும் ஊசி. விற்பனைப் படத்தில் துளைப் பக்கம், வந்தது ஊசிப் பக்கம். திருப்பி அனுப்பும் செலவு அடப்டரின் விலையை விடக் கூட, அப்படியே லாச்சியில் போட்டேன். கடைசியில் இரண்டு முனையும் துளையாக இருக்கும் 44 ஊசிக் குட்டிக் கேபிளும் இன்னொரு அடப்டரும் புறக்கோட்டையிலேயே 1,100க்குக் கிடைத்தன. பழைய லப்டொப் உதிரிச் சாமான் விற்கும் இடங்களில் கேட்க வேண்டும். ஆர்டர் போட முதல் பெட்டியைத் திறந்து, போர்டில் இருப்பது ஊசியா துளையா, 40ஆ 44ஆ என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 44இல் கடைசி நாலு ஊசிகளில்தான் கார்டுக்கான பவரும் வருகிறது. கேபிளை மாறிச் செருகினால் கார்ட் போய்விடும், போர்டில் முதலாவது ஊசிக்குப் பக்கத்தில் முக்கோணமோ 1 என்ற எண்ணோ அச்சடித்திருப்பார்கள், கேபிளின் சிவப்புக் கோடு அந்தப் பக்கம் வர வேண்டும்.

கார்ட் 4 கிகாபைட் போதும். என்னுடையது பாவித்த இண்டஸ்ட்ரியல் கார்ட், 3,200 ரூபா. கெமராக் கார்டுகள் பல தங்களைக் கழற்றக்கூடிய டிஸ்க் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், இண்டஸ்ட்ரியல் கார்டுகள் நிலையான டிஸ்க் என்று சொல்லும். டொஸ்ஸுக்கு இது பொருட்டே இல்லை, விண்டோஸ் எக்ஸ்பி போட நினைத்தால்தான் தலையிடி. ஆகவே டொஸ் மட்டும் என்றால் மலிவான கெமராக் கார்டே எடுக்கலாம். 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதி) மைக்ரோசொஃப்டின் பழைய டொஸ் 6.22 பார்க்காது. ஃப்ரீடொஸ்ஸும் விண்டோஸ் 98உம் ஃபாட் 32 என்ற பிந்திய கோப்பு முறை தெரிந்தவை, அவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் போட்டது ஃப்ரீடொஸ். இலவசம், 1994இல் ஜிம் ஹோல் தொடங்கியது, இன்றைக்கும் ஆட்கள் அதில் வேலை செய்கிறார்கள்.

கார்டை லப்டொப்பில் ரீடர் மூலம் போட்டுத் தயார் பண்ணிவிட்டுப் பெட்டியில் செருகினால் ஓடும் என்று எந்த வீடியோவைப் பார்த்தாலும் சொல்கிறார்கள். என்னுடையது ஓடவில்லை. கர்சர் மட்டும் இடது மூலையில் மினுங்கிக்கொண்டு நிற்கும். காரணம், டிஸ்க்கை எத்தனை தலை, எத்தனை செக்டர் என்று யூஎஸ்பி ரீடர் கணக்குப் பண்ணுவது ஒரு மாதிரி, பழைய பயோஸ் கணக்குப் பண்ணுவது வேறு மாதிரி. பார்ட்டிஷன் எழுதிய கணக்கும் பூட் ஆகிற கணக்கும் ஒத்துவராவிட்டால் அப்படியே நிற்கும். சரியான வழி, ரூஃபஸ் போன்ற நிரலால் யூஎஸ்பி ஸ்டிக் ஒன்றில் ஃப்ரீடொஸ்ஸைப் போட்டு, பெட்டியை அதில் பூட் பண்ணி, வெறும் கார்டுக்கு ஃபொர்மட், பார்ட்டிஷன் எல்லாவற்றையும் பெட்டியிலேயே செய்வது. ஸ்டிக் சின்னதாக இருந்தால் நல்லது, பழைய பயோஸ் பெரிய ஸ்டிக்கைக் கண்டுகொள்ளாமல் விடும். பெட்டியோடு வந்த அந்தப் பழைய ஃபிளாஷ் துண்டை அழிக்காதீர்கள். சந்தேகம் வரும் நேரத்தில் அதைத் திரும்பச் செருகி, போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இனி சத்தம். எனக்கு அதிகக் காசும் அதிக நித்திரையும் போன இடம் இதுதான், வாங்க முதல் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைப் பற்றித்தான் கேட்பேன். எல்லாரும் ப்ராசஸர் என்ன, வேகம் என்ன என்று பார்க்கிறார்கள். டொஸ் கேமுக்கு அது இரண்டாம் பட்சம், 500 மெகாஹேர்ட்ஸே தாராளம். பார்க்க வேண்டியது, போர்டில் சத்தம், டிஸ்க், யூஎஸ்பி எல்லாவற்றையும் கவனிக்கிற சவுத்பிரிட்ஜ் சில். டொஸ் கேம்கள் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும்படி எழுதப்பட்டவை, நடுவில் டிரைவர் என்று ஒன்று கிடையாது. 2000களின் பெட்டிகளில் போர்டிலேயே இருக்கும் ஏசி 97 என்ற வகைச் சத்தத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. விண்டோஸில் அருமையாகப் பாடும், டொஸ்ஸில் ஊமை. வியா கம்பனியின் 686பி போன்ற ஒருசில சில்களில் மட்டும் சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ போல நடிக்கும் வசதியை உள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தச் சில் உள்ள பெட்டி அகப்பட்டால் விலை கொஞ்சம் கூட என்றாலும் எடுங்கள். என்னுடையது அதற்குப் பிந்திய தலைமுறை, 8235. அதில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

டூம் கேம் ஓடியது, கதவு திறந்தது, ஆட்கள் விழுந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை. பெட்டிக்குள் ஒரு பிசிஐ ஸ்லொட் இருந்ததால் கார்ட் போடலாம் என்று யோசித்தேன். ஸ்லொட்டைப் படுக்க வைக்கிற ரைசர் 1,600, யமஹா சில் உள்ள பழைய பிசிஐ சவுண்ட் கார்ட் 4,500. இரண்டுக்கும் வாரக்கணக்காகத் தேடினேன். ரைசரில் போட்டால் மூடி பூட்டாது, திறந்தபடிதான் வைக்கலாம். அதையும் பொறுத்துக்கொண்டு ஓன் செய்தால் இசை வந்தது, அதுவும் எவ்வளவு அருமையான இசை, இசையைத் தானே உண்டாக்கும் யமஹாவின் எஃப்எம் சில் உண்மையானது. ஆனால் துவக்குச் சத்தம், கதவுச் சத்தம், கத்தல் ஒன்றும் வரவில்லை. பிசிஐக்கு முந்திய ஐஎஸ்ஏ கார்டுகள் டிஎம்ஏ என்ற வழியால் மெமரியில் இருந்து சத்தத்தை எடுக்கும். பிசிஐ கார்ட் அதைப் போல நடிக்க வேண்டும் என்றால் போர்டின் சிப்செட்டும் ஒத்துழைக்க வேண்டும். என் போர்ட் ஒத்துழைக்கவில்லை. இசைக்கு டிஎம்ஏ தேவையில்லை, அதனால் அது மட்டும் வந்தது. இதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் கார்டுக்கு ஒதுக்கிய ஐஆர்கியூ எண்ணை மாற்றி, ஸ்லொட்டைத் துடைத்து, டிரைவரை மாற்றி இரவிரவாக முழித்திருந்தேன். பக்கத்து அறையில் இருந்து வரும் ஒவ்வொரு பெருமூச்சும் கேட்டது.

முடிவில் இதைத் தீர்த்து வைத்தது எஸ்பிஇஎம்யூ என்ற இலவச நிரல். டொஸ்ஸுக்குள் இருந்துகொண்டு, கேம் சவுண்ட் பிளாஸ்டரைத் தேடும் ஒவ்வொரு தடவையும் இடையில் புகுந்து பதில் சொல்லி, சத்தத்தைப் போர்டில் இருக்கும் சாதாரண ஏசி 97 வழியாக வெளியே விடுகிறது. வியா 8233, 8235, 8237, இன்டெல்லின் ஐசிஎச் வரிசை, பிந்திய எச்டி ஓடியோ போன்றவற்றோடு வேலை செய்யும். நான் வாங்கிய கார்டும் வேண்டாம், ரைசரும் வேண்டாம், மூடியும் பூட்டும். 6,100 ரூபா கொடுத்து வராத துவக்குச் சத்தம் ஒரு இலவச நிரலில் வந்தபோது சந்தோஷத்தை விட எரிச்சல்தான் கூட வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். போடும்போது கவனிக்க வேண்டியது, மைக்ரோசொஃப்ட் டொஸ் என்றால் அதன் மெமரி மனேஜரான ஈஎம்எம்386ஐ கொன்ஃபிக்.சிஸ் என்ற தொடக்கக் கோப்பில் இருந்து எடுத்துவிட்டு, நிரல் கேட்கிற ஜெம் மெமரி மனேஜரை ஏற்ற வேண்டும். கேமின் செட்டப்பில் கொடுக்கிற எண்களும் நிரலுக்குக் கொடுக்கிற எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்: போர்ட் 220, டிஎம்ஏ 1, ஐஆர்கியூ 5 அல்லது 7. ஐஆர்கியூ மட்டும் மாறியிருந்தால் முதல் அரைச் செக்கன் சத்தம் வந்து பிறகு நின்றுவிடும், அல்லது அதே துண்டு திரும்பத் திரும்பக் கேட்கும். இசை யமஹா சில்லின் அளவுக்கு வராது, என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது. இருந்தாலும் கார்டைத் திரும்பப் போடவில்லை.

வேகம் கூடினால் அதுவும் பிரச்சினை என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். 1990இல் வந்த விங் கமாண்டரில் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிய முதல் திரையைக் கடந்துவிடும், அந்தக் காலத்து மெஷினின் வேகத்தை நம்பி எழுதியது. ஜாஸ் ஜாக்ரபிட் போன்றவை தொடங்கும்போதே ரன்டைம் எரர் 200 என்று விழும். போர்லண்ட் கம்பனியின் பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல்கள் ஆரம்பத்தில் ப்ராசஸரின் வேகத்தை அளந்து பார்க்கும், வேகமான மெஷினில் அந்தக் கணக்கின் விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காது. இதற்குச் சின்னப் பேட்ச்கள் கிடைக்கின்றன. விங் கமாண்டர் வகைக்கு வேறு வழி, ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான கேஷ் மெமரியை டொஸ்ஸில் இருந்தே அணைத்துவிடுவது. வியா சி3 ப்ராசஸர் இருக்கும் பெட்டி இதற்குப் பொருத்தம். முதல்நிலைக் கேஷை அணைத்தால் 1 கிகாஹேர்ட்ஸ் மெஷின் 386, 486 காலத்து வேகத்துக்கு இறங்கிவிடும், கேம் முடிந்ததும் திரும்ப ஓன் பண்ணலாம். ஆனால் குவேக் போன்ற முப்பரிமாணக் கேம்கள்தான் உங்கள் விருப்பம் என்றால் சி3 வேண்டாம், தசமக் கணக்கில் அது மந்தம். ஏஎம்டியின் ஜியோட் என்எக்ஸ் 1500 ப்ராசஸர் உள்ள பெட்டிகளைத் தேடுங்கள். எச்பி டி5720, ஃபுஜிட்சு ஃபுட்ரோ எஸ்400 இரண்டிலும் அதுதான். பெயர் ஜியோட் என்றாலும் உள்ளே இருப்பது அத்லன் எக்ஸ்பி குடும்பம், 1 கிகாஹேர்ட்ஸில் சூடில்லாமல் ஓடும்.

விண்டோஸ் 98உம் போட்டுப் பார்த்தேன். போதிய மெமரி இல்லை என்று சொல்லி ஏற மறுத்தது. இருந்ததோ ஒரு கிகாபைட், திருத்தும் கடையில் தலையில் கட்டிவிட்ட அதே 1,800 ரூபாத் துண்டு. 512 மெகாபைட்டுக்கு மேலே போனால் 98 தன் டிஸ்க் கேஷுக்கு அளவுக்கு மீறி ஒதுக்கிவிட்டு இப்படி முறையிடும். சிஸ்டம்.இனி கோப்பில் கேஷுக்கு ஒரு எல்லை எழுதினால் சரிவரும். நான் எழுதவில்லை, பெட்டியோடு வந்த 256ஐத் திரும்பப் போட்டேன், ஏறியது. போர்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் முப்பரிமாணத்துக்கு லாயக்கில்லை என்பதால் 98ஐ அதிகம் பாவிப்பதும் இல்லை.

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இருந்து ரயில் பாதையைத் தாண்டினால் கடல். உப்புக் காற்றில் மெமரியின் பொன்னிற முனைகள் மங்கி, திடீரென ஒரு நாள் பெட்டி ஓன் ஆகாது. கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துப் போட்டால் வரும். ஃபான் இல்லாத பெட்டி என்பதால் மேலே எதையும் அடுக்கக் கூடாது, எங்கள் வெக்கைக்கு அது ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் ப்ராசஸருக்கு மேலே இருக்கும் பேஸ்ட் காய்ந்து தூளாகியிருக்கும், 600 ரூபாக் குழாய் ஒன்று வாங்கி மாற்றினேன்.

கேம்களுக்குக் காசு கொடுக்க வேண்டியது குறைவு. டூமின் முதல் பாகத்தை 1993இல் இருந்தே ஷேர்வேராக, காசில்லாமல் விளையாட விட்டிருக்கிறார்கள், டைரியன் 2004இல் இருந்து இலவசம். என் மருமகன் வாரக் கடைசியில் வந்தால் டைரியன்தான் கேட்கிறான். ஜோய்ஸ்டிக் மட்டும் இன்னும் சரிவரவில்லை. பெட்டியில் பழைய 15 ஊசிக் கேம் போர்ட் கிடையாது, யூஎஸ்பி பேடை டொஸ் கேம்கள் தெரிந்துகொள்வதில்லை. அந்தப் பிசிஐ சவுண்ட் கார்டில் கேம் போர்ட் இருக்கிறது. மூடியைத் திரும்பவும் திறப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. இப்போதைக்கு அவன் கீபோர்டிலேயே விளையாடுகிறான்.